கோடு

கிள்ளானில் எங்கள் தாமான் வீட்டின் முன்புறம் மொத்தமே பத்தடி. அம்மாவுக்கு முட்டிவலி வந்ததும் செடிகளை எடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரித்தேன். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கால் முடியாது. நான் படித்தது இது. மத்தியானம் வெறுங்காலோடு இறங்கிய அம்மா, "என்னடா இது, தோசக்கல்லா?" என்றார்.

சமாதானமாக மதில்சுவரில் பால்மரக் காடு வரைந்தேன். இருபது வருசம் மரம் சீவியவர், சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோடு தப்புடா. இடது மேல, வலது கீழ. மாத்தி சீவுனா பால் கொறஞ்சிடும்."

தேடிப் பார்த்தேன். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அம்மா சொன்ன சாய்வில் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். சாய்வு கணக்கிடத்தான் எனக்கு மாதச் சம்பளம். அதே அறிவுக்கு அம்மா வாங்கியது நாள் சம்பளம்.

பிரஷை அவரிடமே கொடுத்தேன். ஒவ்வொரு மரமாகத் திருத்தி, கோட்டுக்கு அடியில் மங்கும் வரைந்தார். கடைசி மரத்துக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தது.

"இங்க தொட்டியில கருவேப்பில வைடா. அந்தப் புல்லச் சுருட்டிடு."