கோட்டைகளுக்கு முன்னால்

கான்ஸ்டன்ஸை விட்டுப் புறப்படும்போதே ரைனில் சாம்பல் கலந்தாகிவிட்டது. 1415 ஜூலை 6-ஆம் தேதி மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸை மதத்துரோகி என்று உயிரோடு எரித்தவர்கள், அவரைப் பின்பற்றியவர்கள் ஓர் எலும்புத்துண்டைக்கூட எடுத்துப் பூசிக்கக் கூடாது என்று, மிச்சத்தை ஆற்றில் கொட்டினார்கள். கீழே பாஸலில், 1349 ஜனவரியில், கொள்ளைநோய்க்கு யூதர்கள்மேல் பழி போட்டு ஆற்றுத்தீவு ஒன்றில் வைத்துக் கொளுத்தினார்கள். அடுத்த மாதம் ஸ்ட்ராஸ்பூர்கிலும் அதே கதை.

ஸ்பையரில் கொஞ்சம் நிற்கலாம். யூதர்கள் வந்து குடியேறினால் ஊருக்குப் பெருமை கூடும் என்று 1084-இல் பிஷப் ரூடிகர் சாசனம் எழுதி, மதில் கட்டிக் குடிவைத்தார். 12 ஆண்டு போனது. முதலாம் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கும்பல்களுக்கு ஜெருசலேம் வெகுதூரம், யூதத் தெரு பக்கத்தில். 1096 மே 3-இல் 11 பேரைக் கொன்றார்கள். அப்போதைய பிஷப் யோஹன் மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டார்.

அடுத்தது வோர்ம்ஸ், நான் வளர்ந்த ஊர். இங்கே அப்படி நடக்கவில்லை. மே 18-இல் வீடுகளில் இருந்தவர்களைக் கொன்றார்கள். பிஷப் மாளிகைக்குள் ஒளிந்தவர்களுக்கு மேலும் ஒரு வாரம்தான் கிடைத்தது. இறந்தவர்கள் சுமார் 800. பேரரசர் நான்காம் ஹென்றியோ இத்தாலியில் சிக்கிக்கிடந்தார். வந்தேறிக் கும்பலின் வேலை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, உள்ளூர்க்காரர்களும் கூடவே போனார்கள்.

எங்கள் ஊர் கொண்டாடும் ஆண்டு 1106. பிஷப் அடால்பெர்ட் 23 மீனவர்களுக்குப் பரம்பரை மீன்பிடி உரிமை கொடுத்த ஆண்டு அது. ஆகஸ்ட் கடைசியில் ஆற்றங்கரையில் பாக்ஃபிஷ்ஃபெஸ்ட் என்ற திருவிழா தொடங்கும். படகு நுனியில் நின்று நீளக் கழியால் ஒருவரையொருவர் தண்ணீரில் தள்ளுவார்கள். விழுந்தவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். கண்டவரெல்லாம் "அஹோய்!" என்பார்கள், அப்பாவும் கூச்சப்படாமல் திருப்பிச் சொல்வார். எண்ணெய் சொட்டும் பொரித்த மீனைப் பாண் துண்டுக்குள் வைத்துத் தருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. "நல்ல மீனை மாவுக்குள்ள ஒளிச்சுப்போட்டு விக்கிறாங்கள் பிள்ளை, ஒரு தூளும் இல்லை" என்பார், ஆனால் முழுவதையும் சாப்பிட்டுவிடுவார். எனக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய கடைசிச் சந்தோஷம் அதுதான். இன்றும் தவறாமல் போகிறேன். அந்த 23 பேரில் பெரும்பாலோர் பத்தாண்டுக்கு முன்பே இளந்தாரிகளாக இருந்திருப்பார்கள். 1096 மே மாதத்தில் அவர்கள் எங்கே நின்றார்கள்? சாசனம் மீனைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

ஊரின் மறுபுறம் 'ஹைலிகர் ஸாண்ட்' என்னும் யூத மயானம். ஐரோப்பாவில் இருந்த இடத்திலேயே எஞ்சிய மிகப் பழைய யூத மயானம் இது, 11-ஆம் நூற்றாண்டுக் கற்களும் உண்டு. ரோத்தன்பூர்க்கின் மெயிர் என்ற பெரும் ரப்பி 1293-இல் சிறையில் இறந்தார். சடலத்தைக்கூட 14 ஆண்டு பிடித்து வைத்திருந்தார்கள். அதைப் பணம் கட்டி மீட்ட அலெக்சாண்டர் என்பவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். இரண்டு கற்களின் தலையிலும் கூழாங்கற்கள், அவற்றின் கீழே மடித்த வேண்டுதல் சீட்டுகள்.

மைன்ஸில், அதே 1096-இல், நகரத்தார் கதவைத் திறந்துவிட, சிலுவைப்போர்க் கும்பலின் தலைவன் எமிகோவின் ஆட்கள் உள்ளே வந்தார்கள். 1438-இல் யூதர்களைத் துரத்தியபின் அவர்களின் கல்லறைக் கற்களைப் பெயர்த்துக் கட்டடம் கட்டினார்கள். பிறகு மீட்ட கற்களை 1926-இல்தான் ஓரிடத்தில் நட்டார்கள். சுற்றுலாப் படகுகளின் ரைன் மைன்ஸைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது: கோட்டை, திராட்சைத் தோட்டம், லோரலைப் பாறை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் மூன்றின் யூதச் சின்னங்களையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க 2021 ஆனது. கோட்டைப் பள்ளத்தாக்கை 2002-லேயே சேர்த்துவிட்டார்கள்.

1096-இல் கொலோனின் பேராயர் யூதர்களைச் சுற்றுக் கிராமங்களில் ஒளித்துவைத்தார். கும்பல் ஸான்டன் வரை தேடிப் போனது. அகப்படுவதைவிட உயிரை மாய்த்துக்கொள்வதே மேல் என்று அங்கே பலர் முடிவெடுத்தார்கள். காவிய நாயகன் ஸீக்ஃப்ரீட் பிறந்த ஊர் என்று ஸான்டனுக்கு இன்று பெயர். அவன் பெண் கேட்டு வந்தது எங்கள் வோர்ம்ஸுக்கு.

அப்பால் நெதர்லாந்து. 9-ஆம் நூற்றாண்டில் வைகிங்குகள் திரும்பத் திரும்பக் கொள்ளையடித்த டோரெஸ்டாட் என்ற ஊர் அங்கேதான் இருந்தது. அதை அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் எழுதட்டும்.