கல்லறைத் திருநாளுக்கு ஓர் இஞ்சி ரொட்டிக் கோயில்

அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில் நம் நகரத்துப் பெரிய கடைகளில் எலும்புக்கூட்டு முகமூடிகளும், பேய் முகம் செதுக்கிய பிளாஸ்டிக் பூசணிகளும் இப்போது தொங்குகின்றன. 'ஹாலோவீன்' என்று இதற்குப் பெயர். சில பள்ளிகளிலும் குழந்தைகள் பேய் வேடம் பூண்டு வருகின்றனர். மேல்நாட்டாரின் வெறுங்கூத்து என்று நாம் இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பெயருக்குப் பொருளோ, 'புனிதர் அனைவரின் திருநாளுக்கு முந்திய மாலை' என்பதாகும். நம் வீட்டுப் பொருளொன்று சாயம் மாறிச் சந்தைக்கு வந்திருக்கிறது. அதை இனங்கண்டு கொள்வது வீட்டாரின் கடமையன்றோ?

எங்கள் இல்லத்தில் இந்தக் கேள்வி கண்ணீரோடு வந்தது. சென்ற ஆண்டு என் தம்பி சாலை விபத்தொன்றில் இறைவனடி சேர்ந்தான். அவனுடைய மகளுக்கு வயது ஒன்பது. கல்லறைகளிலிருந்து பிணங்கள் எழுந்து வரும் படங்களைப் பார்த்துவிட்டு வந்த அவள், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்துக்கு வரமாட்டேன் என்றாள். காரணம் கேட்டேன். "அத்தை, அப்பாவும் இப்படித்தான் ஆகிவிட்டாரா?" என்றாள்.

தந்தையை இழந்த குழந்தை, தந்தையின் நினைவையும் அச்சத்துக்குப் பறிகொடுக்க நின்றது. அவள் கையில் ஒரு தாள் இருந்தது. இஞ்சி ரொட்டியால் பேய் வீடு செய்துவர வேண்டுமாம். அதற்குப் பரிசும் உண்டாம். "வீடு செய்வோம், கண்ணு. பேய் வீடு வேண்டாம். அப்பா துயிலும் தோட்டத்தையும் அதிலுள்ள சிறு கோயிலையும் செய்வோம்" என்றேன். 'துயிலும்' என்று நான் சொன்னது வெறும் ஆறுதலுக்காக அன்று. கல்லறைத் தோட்டத்தை ஆங்கிலத்தில் 'செமிட்டரி' என்கிறார்களே, அச்சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் 'துயிலுமிடம்' என்றே பொருள். ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தோரை உறங்குவோர் என்றே எண்ணினர்.

என் தாயார் உடனே தடுத்தார். "வருடம் திரும்பாத துக்க வீட்டில் இனிப்பு அடுப்பேறலாமா?" என்றார். நம் பக்கத்து வழக்கம் அது, அதைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் திருச்சபையின் மற்றொரு வழக்கத்தை அவருக்கு எடுத்துரைத்தேன்.

குளூனி மடத்து அதிபர் புனித ஓடிலோ, சுமார் 998-ஆம் ஆண்டில், மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் நவம்பர் 2-ஆம் நாள் மன்றாடும்படி தம் மடங்களுக்குக் கட்டளையிட்டார். அவ்வழக்கம் ஐரோப்பா எங்கும் பரவியது. இங்கிலாந்தில் அந்நாட்களில் இல்லந்தோறும் வாசனைப் பொருள் சேர்த்துச் சிறு ரொட்டிகள் சுட்டு, அவற்றின்மேல் சிலுவைக் குறியிட்டார்கள். 'ஆன்ம ரொட்டி' என்பது அவற்றின் பெயர். ஏழைகளும் சிறுவர்களும் வாசல்தோறும் வந்து அதைப் பெற்று, அவ்வீட்டில் இறந்தோருக்காகச் செபித்தார்கள். இன்று முகமூடியணிந்து மிட்டாய் கேட்கும் பழக்கத்துக்கு இதுவே மூலம் என்று பலர் கருதுவர். இத்தாலியின் சிசிலித் தீவில், இறந்த உறவினர் அவ்விரவில் குழந்தைகளுக்குப் பரிசு கொணர்வதாகச் சொல்லி, சர்க்கரைப் பொம்மைகளையும் பழ வடிவப் பலகாரங்களையும் கொடுக்கும் மரபு உண்டு. மெக்சிகோ நாட்டிலும் இறந்தோர் நாளுக்கென்றே ஒரு ரொட்டி சுடுவர்.

"இது நாம் உண்டு மகிழும் இனிப்பன்று, அம்மா, அவனுக்காகப் பிறருக்குக் கொடுக்கும் இனிப்பு" என்றேன். தாயார் மறுமொழி கூறவில்லை. சற்று நேரங்கழித்து உரலில் சுக்கு இடிக்கும் ஓசை கேட்டது.

இஞ்சி ரொட்டி என்றவுடன் அதை அயல்நாட்டுப் பண்டமென்று எண்ணிவிட வேண்டாம். 'ஜிஞ்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே நம் 'இஞ்சி வேர்' அடி என்று சொல்லாராய்ச்சியாளர் காட்டுவர். பிலிக்கல்பாளையத்துச் சந்தை வெல்லமும் நாமக்கல் முட்டையும் சேர்ந்தால் அது முற்றிலும் நம்மூர்ப் பலகாரமாகிவிடுகிறது. 1623-ஆம் ஆண்டில் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்த தத்துவ போதகர் தே நோபிலி சுவாமிகள், விசுவாசத்தை இந்த மண்ணின் கோலத்தில் அறிவித்தவரல்லவா?

செய்முறை எளிது. அச்சு வெல்லம் 250 கிராமைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, 125 கிராம் வெண்ணெய் சேர்த்து உருக்கி ஆறவிட வேண்டும். மைதா அரைக் கிலோ, சுக்குப்பொடி 2 தேக்கரண்டி, பட்டைப்பொடி 1 தேக்கரண்டி, கிராம்புப்பொடி ஒரு சிட்டிகை, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, முட்டை ஒன்று ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பிறகு கால் அங்குலக் கனத்தில் தேய்த்து, காகிதத்தில் முன்பே வெட்டிய அளவுகளை மேலே வைத்து, சுவர், கூரை, சிலுவை எனத் துண்டுகளாக்க வேண்டும். 180 பாகை சூட்டில் 12 நிமிடம் போதும். ஜன்னல் துளைகளில் பொடித்த வண்ண மிட்டாயை இட்டால், அது அடுப்பில் உருகிக் கோயிற் கண்ணாடி போலாகும். நன்கு ஆறிய பின்னரே எடுக்க வேண்டும். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவோடு 200 கிராம் அளவு மாவுச் சர்க்கரையை அடித்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் சுவர்களை ஒட்டும் சாந்து ஆயத்தம். உண்பதற்கான ரொட்டிகளில் பச்சை வெள்ளைக்கரு பூச வேண்டாம். ஐப்பசி மழையின் ஈரத்தில் கூரை இளகிவிடும். ஆதலால் கூரையைச் சற்று அதிகம் சுட்டுக்கொள்வது நலம்.

கோயிலுக்கு முன் குழந்தை சிறு சிறு கல்லறைகளை வரிசையாக வைத்தாள். ஒன்றின்மேல் மட்டும் மஞ்சள் மிட்டாய்களைச் செவந்திப் பூவாகப் பதித்தாள். "இது அப்பாவுடையது" என்றாள். பேரச்சத்தோடு அவள் உச்சரித்த சொல், அன்று சாதாரணமாக அவள் வாயில் வந்தது. அவளுடைய தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பின்பு தானும் வந்தமர்ந்து சாந்து பூசினாள்.

மிஞ்சிய மாவில் சிலுவைக் குறியிட்ட வட்ட ரொட்டிகள் நாற்பது சுட்டோம். நவம்பர் 2-ஆம் நாள் திருப்பலி முடிந்து, பங்குத் தந்தை கல்லறைகளை மந்திரித்துச் சென்ற பின், குழந்தை அவற்றைக் கூடையில் ஏந்தினாள். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்த தொழிலாளருக்கும், வாயிலில் அமர்ந்திருந்த எளியோருக்கும், பக்கத்துக் கல்லறைகளில் நின்ற பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, "எங்கள் அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று சொன்னாள். ஒரு முதியவர் அங்கேயே நின்று, கண்மூடி நித்திய இளைப்பாற்றி செபம் சொன்னார். அவர் முடிக்கும்வரை அவள் அசையாமல் நின்றாள்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைப் பக்தியோடு சந்தித்து, மரித்தோருக்காகச் செபிப்போர், வழக்கமான நிபந்தனைகளின்படி அவர்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாமென்று திருச்சபை வழங்கியிருக்கிறது. அந்த எட்டு நாட்களிலும் நம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அங்கே அழைத்துச் செல்வோம். பேய்க்கதை அவர்களை எட்டுமுன், தாத்தாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் கல்லறைக் கல்லில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்வோம். கையில் பகிர்ந்துகொள்ள ஏதேனும் ஓர் இனிப்பும் இருக்கட்டும். இறந்தோர் நம்மை அச்சுறுத்த வருவதில்லை. நம்முடைய செபத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.