பொகரு

எங்கள் வீட்டுத் தெலுங்கில் 'பொகரு' என்றொரு சொல் உண்டு. தமிழில் திமிர். ஆனால் திமிரைவிட அதற்குக் காரம் அதிகம். என் அவ்வா அதை ஆண்களுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. தாத்தாவுக்கு வந்தால் கோபம், சித்தப்பாவுக்கு வந்தால் ரோஷம், வீட்டுப் பெண்களுக்கு வந்தால்தான் பொகரு. வெளியாட்களில் அந்தச் சொல்லை அவ்வா நிரந்தரமாக ஒருவருக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். அவர் பி. பானுமதி. "தானிகி பொகரு எக்குவ" என்பாள், சந்தைக்குப் போகும் கொய்யாவைத் தரம் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டே. அது வசையா பாராட்டா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆயக்குடியில் எங்களைப் போன்ற வீடுகள் நிறைய. பல தலைமுறைக்கு முன் வந்தவர்கள். தெலுங்கு பேசுவோம், எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, காதல் கடிதம் எல்லாம் தமிழில்தான். நான் முனைவர் பட்டம் வாங்கியதும் தமிழில். 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரமே அப்படித்தான் இருந்தது. (அந்த ராஜலட்சுமிதான் 1936இல் தான் எழுதிய கதையை 'மிஸ் கமலா' என்று தானே இயக்கியவர். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

என் மாணவிகளுக்குப் பானுமதி என்றால் 'செம்பருத்தி' (1992) படத்தில் வரும் பாட்டி. "அவங்க டைரக்டரா மேம்?" என்று ஒருத்தி கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் சினிமா எழுத்து அவருக்கு அஷ்டாவதானி என்று பட்டம் கொடுத்துவிட்டு, அந்த எட்டில் ஒன்றைக்கூட உட்கார்ந்து படிக்கவில்லை.

ஒங்கோல் பக்கம் தொட்டவரம் கிராமத்தில் 1925இல் பிறந்தவர். பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. முதல் படம் 'வரவிக்ரயம்' (1939), வரதட்சணையை எதிர்த்த தெலுங்கு நாடகத்திலிருந்து எடுத்தது. அப்போது அவர் சிறுமி. 1943இல் உதவி இயக்குநர் ராமகிருஷ்ணாவைக் காதலித்து மணந்துகொண்டார். பிறகு இருவருமாக மகன் பரணியின் பெயரில் படநிறுவனமும் ஸ்டுடியோவும் தொடங்கினார்கள். இந்த ஸ்டுடியோவை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும். அவருடைய 'பொகரு'க்கு ஒரு முகவரி இருந்தது, மின்கட்டண ரசீது இருந்தது, சம்பளப் பட்டியல் இருந்தது.

1953இல் 'சண்டிராணி'யை இயக்கினார். தெலுங்கு, தமிழ், இந்தி என மூன்று மொழிகளில் ஒரே படம். அதில் இரட்டை வேடமும் அவரே. முப்பது வயது ஆகவில்லை. கையில் சிறுபிள்ளை. கேமராவுக்கு முன்னால் இரண்டு பெண்ணாக நின்று, பின்னால் வந்து சரிபார்த்து, மறுபடி அடுத்த மொழிக்கு முதலிலிருந்து. இந்த உழைப்பைச் சொல்ல நமக்கு வார்த்தை இல்லாமல் போய், 'துணிச்சல்காரி' என்று முடித்துக்கொண்டோம்.

பின்னணிப் பாட்டு நிலைபெற்ற பிறகும் தன் பாட்டைத் தானே பாடினார். வசனமும் அவர் குரல்தான். அந்தத் தமிழில் லேசான தெலுங்கு வாடை அடிக்கும். அதை யாரும் துடைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. இன்று வேறு மாநிலத்திலிருந்து வரும் கதாநாயகிகளில் எத்தனை பேருக்குச் சொந்தக் குரல் மிஞ்சுகிறது? உதடு ஒருத்தியுடையது, தொண்டை இன்னொருத்தியுடையது என்பதற்கு நாம் பழகிப்போய்விட்டோம்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பணிக்கான நேர்காணல். அகப்பொருள் பற்றிய என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே ஒருவர், "வீட்டுல தெலுங்குதானே பேசுவீங்க?" என்றார். "வீட்டுல தெலுங்கு, வகுப்புல தமிழ், அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினா இங்கிலீஷ் ஐயா" என்றேன். வேலை கிடைக்கவில்லை. அந்தப் பொண்ணுக்குத் திமிர் என்று பேசிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவ்வாவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பானுமதி நடித்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் 'ரங்கோன் ராதா' (1956). அண்ணாவின் நாவல், கலைஞரின் வசனம். மனைவி ரங்கத்தின் தங்கையைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் கணவன், ரங்கத்துக்குப் பேய் பிடித்திருக்கிறது, சித்தம் கலங்கிவிட்டது என்று ஊரையே நம்பவைக்கிறான். கணவனாக சிவாஜி. அந்த வருடம்தான் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்' இரண்டும் வந்தன. ஆடிப் பாடிய பானுமதியை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தான் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்க முயலும் ரங்கம் மறந்துபோனாள். பேய் பிடித்தவள் என்று பேரெடுத்த ஒரு பெண்ணாவது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் தெருவிலும் இருந்தாள். அவளிடமிருந்து நிலத்துக்குக் கைநாட்டு வாங்கியவர்களும் அதே தெருவில் இருந்தார்கள்.

'மிஸ்ஸம்மா' கதையை எல்லோரும் சொல்வார்கள். வரலட்சுமி விரதம் முடித்துப் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார், தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னார், இவர் மறுத்தார், வாய்ப்பு சாவித்திரிக்குப் போனது. 1955இல் தமிழில் 'மிஸ்ஸியம்மா'வாகவும் வந்த படம். 'நாடோடி மன்ன'னில் (1958) அவருடைய பாத்திரம் பாதியில் செத்துப்போவதற்கும் இதேபோல ஒரு மோதலைக் காரணமாகச் சொல்வதுண்டு.

இந்தக் கதைகளின் முடிவில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: பானுமதி நிமிர்ந்து நின்றார், சாவித்திரி ஏமாந்துபோனார். எனக்கு இந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. சாவித்திரியும் இரண்டு மொழியில் நடித்து, இரண்டு மொழியிலும் இயக்கியவர். தெலுங்கில் 'சின்னாரி பாபலு' (1968), தமிழில் 'குழந்தை உள்ளம்' (1969), 'பிராப்தம்' (1971). படங்கள் கையைக் கடித்தன. அப்படி விழுந்த ஆண் இயக்குநர்கள் எத்தனை பேர்! அவர்களை யாரும் பாடமாக வைப்பதில்லை. ஒரு பெண்ணின் உறுதியைப் பாராட்ட இன்னொரு பெண்ணின் வீழ்ச்சி தேவைப்படுகிறது என்றால் அந்தப் பாராட்டையே சந்தேகப்பட வேண்டும். பானுமதி மறுக்க முடிந்ததற்குக் குணம் பாதிக் காரணம். வேண்டாம் என்று வெளியே வந்தால் போய் உட்கார அவருக்குச் சொந்தத் தளம் இருந்தது.

விருதுகளை விட்டுவிடுகிறேன். பத்மபூஷண்வரை வாங்கினார், சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார், 2005 டிசம்பரில் காலமானார். குழந்தைகளை மட்டுமே நடிக்கவைத்து 'பக்த துருவ மார்க்கண்டேயா' எடுத்தபோது வயது ஐம்பத்தாறைத் தாண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

அவர் எழுத்துக்காரி என்பதுதான் எனக்குக் கடைசியாகத் தெரியவந்தது. 'அத்தகாரி கதலு' என்ற தெலுங்குச் சிறுகதைகள், மாமியாரைப் பற்றி மருமகள் சொல்லும் நகைச்சுவைக் கதைகள். ஹைதராபாத்தில் இருக்கும் தோழி சில கதைகளைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். எங்கள் தெலுங்கு அடுப்படித் தெலுங்கு. இலக்கியம் அதற்கு எட்டாது என்று நினைத்திருந்தேன். ஆனால் கதைகளும் அடுப்படியில்தான் நடந்தன. மடி, ஊறுகாய், வேலைக்காரர்கள், மாமியாரின் அசட்டுப் பிடிவாதம். பாதி புரிந்தது. மாமியார் வில்லியாகவில்லை, மருமகள் தியாகியாகவில்லை. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு வீட்டை நடத்துகிறார்கள். மீதிப் பாதியைத் தோழி விளக்கினாள். விளக்கிய நகைச்சுவைக்குச் சிரிப்பது எவ்வளவு சிரமம்.

அதனால் நாற்பத்தாறு வயதில் தெலுங்கு அரிச்சுவடி வாங்கியிருக்கிறேன். ராத்திரி விடைத்தாள் திருத்தி முடித்தபின் அரைமணி நேரம். அவருடைய சுயசரிதையின் பெயர் 'நாலோ நேனு'. என்னுள் நான் என்று பொருள். தெலுங்கில் நாலே எழுத்து. போன வாரம் அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். உள்ளே இன்னும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறேன்.