மூக்குக்கு ஒரு வேலை

விழுப்புரத்தில் அந்த வீட்டு மருமகள் காலை 8 மணிக்கெல்லாம் பஸ் பிடித்தால்தான் திண்டிவனத்தில் அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போக முடியும். மகனுக்கு வெளியூரில் வேலை. பகல் முழுக்க வீட்டில் இருப்பது மூட்டுவலிக்கார மாமியாரும், இரண்டு வயது சிப்பிப்பாறை நாய் கருப்பனும்தான்.

சிப்பிப்பாறை, முயலை விரட்டிப் பிடிக்கவென்றே தென்மாவட்டங்களில் வளர்க்கப்பட்ட இனம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது முயல் வேட்டை குற்றம். வேட்டை போனாலும் துடிப்பு போகவில்லை. அதைக் கருப்பன் செருப்பிலும் தலையணையிலும் காட்டினான். மல்லிகைத் தொட்டியைத் தோண்டிச் சாய்த்த அன்று மாமியார் பொறுமையிழந்தார்.

"இனிமே என்னால முடியாதும்மா. திண்டிவனத்துல தம்பி நிலத்துக்கு அனுப்பிடலாம். ஞாயித்துக்கிழமை வண்டியோட வரச் சொல்லிட்டேன்."

குட்டியிலிருந்து வளர்த்த மருமகளுக்குத் தொண்டை அடைத்தது. இன்னும் ஐந்து நாள்தான். மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனார்.

"காலையில நீங்க ஓட்டிட்டுப் போறது காலுக்குச் சரி. பகல்ல மூளைக்கு வேலையே இல்லையே! கண்ணை நம்பி வேட்டையாடுற இனம்தான், ஆனா மூக்கும் சும்மா இல்ல. சாப்பாட்டைத் தட்டுல வைக்காம தேட விடுங்க" என்றார் அவர்.

"இதென்ன கூத்து, சோத்தை ஒளிச்சு வைக்கிறது?" என்று கேட்ட மாமியார்தான் விளையாட்டைத் தொடங்கினார். உட்கார்ந்த இடத்திலேயே மூன்று எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் வேகவைத்த முட்டைத் துண்டு. முதல் நாள் கருப்பன் மூன்றையும் உருட்டிவிட்டான். மூன்றாம் நாள் மோந்து பார்த்து, சரியான டம்ளரை மட்டும் தட்டினான். அடுத்து, பழைய துண்டில் கோழித் துண்டுகளைச் சுருட்டிக் கொடுத்தார். மூக்கால் தள்ளித் தள்ளிப் பிரித்துத் தின்றுவிட்டு அவர் காலடியிலேயே தூங்கிப்போனான்.

மருத்துவர் சொன்ன கணக்கும் மனப்பாடம் ஆனது. ஒளித்து வைப்பது அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடை கூடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு கூடவே கூடாது. ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். துணியைக் கடித்துத் தின்னப் பார்த்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

மதியம் போன் செய்தால் முன்பெல்லாம் மூட்டுவலிதான் பேச்சாக இருக்கும். சனிக்கிழமை மாமியாரே கூப்பிட்டார்: "அலமாரிக்குப் பின்னால ஒளிச்சேம்மா, அதையும் கண்டுபிடிச்சிட்டான்!"

ஞாயிறு காலை தம்பியின் வண்டி வாசலில் வந்து நின்றது. காபி கொடுத்து, கூடவே ஒரு ஊறுகாய் பாட்டிலையும் நீட்டினார் மாமியார்.

"இதை எடுத்துட்டுப் போ தம்பி. அவன் வரல. எனக்கும் பகல்ல ஒரு ஆள் வேணுமில்ல."