இரண்டு ஹைட்ரஜன் தூரம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சூடம் போடும் கூடம் ஒன்றுக்குள் நுழைந்ததும் முதலில் கண் கரித்தது. வாசனை அதற்குப் பிறகுதான் வந்தது. ஐப்பசிப் புழுக்கத்திலும் மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். "காத்துப் பட்டா சரக்கு பறந்துருமுங்க" என்றார் அச்சு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த ஊர்களில் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் புழங்குகிறது. அதுவும் கொங்குத் தமிழ். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடும் கூட்டம் கிளம்பிவிடும் என்பதால், அதற்கு முந்தைய மாதம் இவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பாலக்காட்டுக் கடைகளுக்குப் போக மிச்சச் சரக்கு, கம்பம் வழியாக மலையேறும் பக்தர்களுக்காக இடுக்கியின் குமுளிக்குப் போகிறது.

மூட்டையில் வரும் வெள்ளைத் தூள் வழியிலேயே கட்டிபட்டுவிடும். அதை உள்ளங்கையால் நசுக்கி, சலித்து, மிஷினின் மேல்வாயில் கொட்டுகிறார்கள். அச்சுக்குழியில் தூள் நிரம்பியதும் தண்டு இறங்கி அழுத்துகிறது, வில்லை தட்டில் விழுகிறது. பசை கிடையாது, தண்ணீர் கிடையாது, அழுத்தம் ஒன்றுதான். அந்த அக்கா புது மூட்டை ஒன்றைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். "இது பிசுபிசுக்குதுங்க சார். அச்சுல புடிச்சுக்கும்." மூட்டை ஓரமாகப் போயிற்று. தூளில் எண்ணெய்ப் பசையோ ஈரமோ மிஞ்சியிருந்தால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

விரலுக்குத் தெரியாத மிச்சம் ஒன்றும் உண்டு. நான் அங்கே போனது அதன் பொருட்டுத்தான்.

இன்று நாம் கொளுத்தும் சூடத்தில் பெரும்பகுதி பைன் மரப் பிசினிலிருந்து பிறக்கிறது. பிசினை வடித்தால் டர்பன்டைன், அதிலுள்ள பைனீனை மாற்றினால் கேம்ஃபீன், பிறகு அசிட்டிக் அமிலத்தின் துணையோடு ஐசோபோர்னியால். இந்த ஐசோபோர்னியால் ஓர் ஆல்கஹால். சூடான செம்பு வினையூக்கியின் மேல் அது தன் மூலக்கூறு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இழக்கும்போது கீட்டோனாகிறது. அந்தக் கீட்டோன்தான் கற்பூரம். மாறாமல் நின்றுபோன ஐசோபோர்னியாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஏறத்தாழ அதே மணம்தான் வீசும். வாயு நிறப்பகுப்புக் கருவிதான் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அதே இரண்டு ஹைட்ரஜன் நம் வரலாற்றிலும் குறுக்கிடுகிறது. சுமத்திராவின் பாரூஸ் துறைமுகம் ஒரு காலத்தில் கற்பூரத்துக்குப் பேர்போனது. அதன் அருகே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தப் பகுதிக் காட்டு மரங்களைப் பிளந்து எடுத்த படிகம் வேதியியலில் போர்னியால், அதாவது ஆல்கஹால். கடல் கடந்து போய்த் தமிழ் வணிகர் தேடிய பொருளுக்கும் இந்தத் தட்டில் விழுகிற வில்லைக்கும் இடையே அவ்வளவுதான் தூரம் என்பதை நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆல்கஹாலைக் கீட்டோனாக்க ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் கைகொடுத்தவை ஆறிணைதிறன் குரோமியச் சேர்மங்கள். வேலை கச்சிதமாக நடக்கும், ஆனால் மிஞ்சும் கழிவு நஞ்சு. மண்ணில் குரோமியம் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டைக்காரர்களிடம் கேட்கலாம். மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்த கதை தமிழ்நாடு அறிந்ததுதான். உலோக நானோ துகள்களை வேறொரு பொருளோடு சேர்த்துச் செய்யும் நானோ கலப்பு வினையூக்கிகளின் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள செம்புக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 600 சதுர மீட்டர் ஆகிவிடும். வினை நடப்பது மேற்பரப்பில் என்பதால் கொஞ்சம் உலோகமே நிறைய வேலை பார்க்கும். சிக்கல் என்னவென்றால், சூட்டில் இந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும். அதனால் சிலிக்கா, மக்னீசியா, கிராஃபீன் போன்ற தாங்கியின் மேல் அவற்றைத் தள்ளித் தள்ளி அமர்த்துகிறார்கள். சில வகைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே ஆல்கஹாலை மாற்றிவிடுகின்றன, உபவிளைவு வெறும் தண்ணீர். இரும்பு ஆக்சைடு கலந்தால் வேலை முடிந்ததும் காந்தத்தால் இழுத்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். பல முறை பயன்படுத்தியும் வீரியம் குறையாமல் இருக்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை. ஆய்வுத்தாள்களில் நான் முதலில் தேடிப் படிப்பது அந்த அட்டவணையைத்தான்.

அந்தத் தாள்கள் எவ்வளவு ஆல்கஹால் மாறியது, அதில் எவ்வளவு கீட்டோன் என்ற சதவீதங்களோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் கீட்டோனின் பயணம் இந்தக் கூடம் வரைக்கும் நீள்கிறது. தகர டின்னின் மூடியைத் திறந்து காட்டினார் இன்னொரு பெண். உட்புறம் முழுக்க ஊசி ஊசியாகப் படிகம். டின்னுக்குள் ஆவியாகி மூடியில் மறுபடி உறைந்த கற்பூரம் அது. கரண்டியால் சுரண்டித் தூளோடு சேர்த்துக்கொண்டார். மூடியில்லாத இடத்தில் அந்த ஆவி இவர்களுடைய மூக்குக்குத்தான் போகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை கற்பூரத்துக்கு வைத்திருக்கும் வரம்பு. இங்கே அளந்து பார்க்கக் கருவி இல்லை. "சாயங்காலமானா தலை கனமாயிருமுங்க, வூட்டுக்குப் போயி காப்பி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றார்கள். கூலி எடைக்கு என்பதால் இடையில் எழுந்து வெளியே போக யாருக்கும் மனசு வருவதில்லை.

கூடத்தில் புகைபோக்கி விசிறி ஒன்று இருந்தது, கூரையை ஒட்டி. கற்பூர ஆவி காற்றைவிட ஐந்து மடங்கு கனமானது. தூளைக் கொட்டும் வாய்க்குப் பக்கத்திலேயே உறிஞ்சுகுழாய் வைத்தால்தான் ஆவி முகத்துக்கு வருமுன் வெளியேறும். எளிதில் தீப்பற்றும் சரக்கு என்பதால் பொறி தெறிக்காத மோட்டாரும் வேண்டும். வெளியேறும் ஆவியைக் குளிர்வித்துப் பிடித்தால் டின் மூடியில் போலவே சரக்கும் திரும்பக் கிடைக்கும். முதலாளியிடம் சொல்லி, குழாயின் படத்தைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தேன். சீசன் முடியட்டும் என்றார். குழாய்க்கு என்ன செலவாகும் என்று அந்த அக்காதான் கேட்டார்.