பேசாதவரின் பக்கத்தில் அமர்ந்தவர்

மனநலப் பிரிவில் உளவியல் சிகிச்சை கற்க வரும் இளைஞர்கள் முதல் சில வாரங்களில் தவறாமல் ஒரு கேள்வியோடு என்னிடம் வருவார்கள். "பேஷன்ட் பேசவே மாட்டேங்கிறார் மேடம், நான் என்ன பண்றது?" கவுன்சலிங் என்றால் பேச்சு என்றுதான் அவர்கள் படித்திருக்கிறார்கள். மனச்சிதைவு நோய் முற்றிய ஒருவருக்கு எதிரே உட்காரும்போது அந்தப் படிப்பு கைகொடுப்பதில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி இருப்பார். நமக்குக் கேட்காத குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அப்போதெல்லாம் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மருத்துவரைப் பற்றி அவர்களுக்குச் சொல்வேன்.

ஃப்ரீடா தனிமையைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1959இல் வெளிவந்தது. அதில் ஓர் இளம்பெண் வருகிறாள். உடலும் பேச்சும் உறைந்துபோகும் கேட்டடோனியா நிலையில் இருந்தவள். அவளுடைய தனிமையைப் பற்றி ஃப்ரீடா கேட்டார். வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் கை உயர்ந்தது. நான்கு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்க, கட்டைவிரல் மட்டும் தனியே நிமிர்ந்து நின்றது. தனிமை அவ்வளவு கடுமையா என்று ஃப்ரீடா பரிவோடு கேட்டார். அவள் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. மடங்கிய விரல்கள் விரிந்தன.

அந்த இடத்தில் அவர் நோயைப் பற்றி எந்த விளக்கமும் தரவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. கட்டைவிரலைக் கவனித்தார், கவனித்ததைச் சொன்னார். இத்தனை ஆண்டுகள் இந்த வேலையில் இருந்த பிறகும், சிகிச்சை என்பது என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான்.

1889இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரில் யூதக் குடும்பமொன்றில் ஃப்ரீடா பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் கோனிக்ஸ்பெர்க்கில் படித்து மருத்துவரானார். முதல் உலகப் போரின்போது, தலையில் காயம்பட்ட போர்வீரர்களுக்கான மருத்துவப் பிரிவை அங்கே நடத்தினார். பிறகு நரம்பியல் அறிஞர் கர்ட் கோல்ட்ஸ்டைனுடன் சேர்ந்து அதே துறையில் உழைத்தார். மூளையில் அடிபட்டவர்களில் பலருக்குப் பேச்சு போயிருக்கும், அல்லது சொல்ல நினைப்பது ஒன்றும் வாயில் வருவது ஒன்றுமாக இருக்கும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை முகத்தையும் உடலையும் பார்த்தே அறிய வேண்டும். கட்டைவிரலைப் படித்த கண் அந்த வார்டில்தான் பழகியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1924இல் ஹைடல்பர்க்கில் சொந்தமாக ஒரு சிறு மனநல விடுதி தொடங்கினார். 1926இல், பின்னாளில் உளப்பகுப்பாய்வாளராகப் புகழ்பெற்ற எரிக் ஃப்ரோமை மணந்தார். சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்து வாழத் தொடங்கினார்கள். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, பிரான்ஸ், பாலஸ்தீனம் வழியாக 1935இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். மேரிலாந்து மாநிலத்தில் ராக்வில் ஊரிலிருந்த செஸ்ட்நட் லாட்ஜ் என்ற தனியார் மனநல மருத்துவமனையில் வேலை கிடைத்தது. 1957இல் இறக்கும்வரை அதுவே அவர் இடம்.

அவர் அங்கே செய்ததன் பெருமை, அன்றைய நிலையை அறிந்தால்தான் விளங்கும். மனச்சிதைவு நோயாளிகளிடம் உளப்பகுப்பாய்வு பலிக்காது, அவர்களால் மருத்துவரோடு உறவு கொள்ள முடியாது என்பது ஃப்ராய்டின் கருத்து. மற்ற மருத்துவமனைகளில் இன்சுலின் கொடுத்து நோயாளியைக் கோமாவில் ஆழ்த்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், மூளையின் முன்பகுதி இணைப்புகளை வெட்டினார்கள். அந்த அறுவையைத் தொடங்கிவைத்த எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசே கிடைத்தது. குளோர்ப்ரோமசைன் என்ற முதல் மருந்து புழக்கத்துக்கு வந்தது 1950களில்தான். அந்தச் சூழலில் ஒரு பெண், உருவத்தில் மிகச் சிறியவர், வன்முறைக்குப் பெயர்போன நோயாளிகளின் அறைக்குள் போய் உட்கார்ந்தார். உறவு கொள்ள இவர்களாலும் முடியும், ஆனால் மிகவும் பயந்திருக்கிறார்கள் என்றார். சிகிச்சையாளர் அந்தப் பயத்தை மதித்துக் காத்திருக்க வேண்டும் என்பது அவர் வழி.

1950இல் வெளிவந்த அவருடைய பாடநூல், நோயாளியைவிடச் சிகிச்சையாளரைப் பற்றித்தான் முதலில் பேசுகிறது. கேட்கத் தெரிய வேண்டும். நோயாளியின் நன்றியிலோ அவர் குணமாவதால் வரும் பேரிலோ நம் மனநிறைவைத் தேடக் கூடாது. இவை எளிதாகத் தெரியலாம். பேசாத ஒருவர் அருகில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். வாய் தானாகத் திறக்கும். எதையாவது சொல்லி அந்த அமைதியைக் கலைக்கத் தோன்றும். அந்தத் தவிப்பு நோயாளியுடையது அல்ல, நம்முடையது. எங்கள் வார்டில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் ஒரு வயதான அம்மாவின் பக்கத்தில் பல வாரங்கள் இப்படி இருந்திருக்கிறேன். வந்ததும் வணக்கம், போகும்போது நாளை வருகிறேன் என்ற ஒரு வார்த்தை, இடையில் ஒன்றுமில்லை. ஒரு நாள் அவரே காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார். அன்றும் பேசவில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஃப்ரீடாவை உலகம் அறிந்தது ஒரு நாவலால். 1948இல் பதினாறு வயதில் செஸ்ட்நட் லாட்ஜுக்கு வந்த ஜோன் கிரீன்பர்க், அவரிடம் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெற்று மீண்டு எழுத்தாளரானார். 'ஐ நெவர் ப்ராமிஸ்டு யூ எ ரோஸ் கார்டன்' என்று தன் அனுபவத்தை நாவலாக்கி 1964இல் புனைபெயரில் வெளியிட்டார். அதில் வரும் டாக்டர் ஃப்ரீட், ஃப்ரீடாதான். கிரீன்பர்க்குக்கு இருந்தது மனச்சிதைவே அல்ல என்று பின்னாளில் சில மருத்துவர்கள் வாதிட்டார்கள். நோயின் பெயர் எதுவானாலும், ஒரு சிறுமி தன் கற்பனை உலகத்திலிருந்து திரும்பி வர ஒரு மனிதத் துணை கிடைத்தது என்பது மாறாது.

ஃப்ரீடாவைக் கொண்டாடும் நாங்கள் சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று உண்டு. 1948இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பல்லாயிரம் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது தவறு. மரபணு, மூளை வளர்ச்சி, சூழல் எனப் பல காரணங்கள் சேர்ந்து வரும் நோய் இது. தாயின் வளர்ப்பு காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஓ.பி.யில் மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு, "நான் வளத்த விதம்தான் தப்பா மேடம்?" என்று கண்கலங்கும் அம்மாக்களை இன்றும் பார்க்கிறேன். இல்லையம்மா என்று சொல்வது என் வேலையின் முதல் கடமை.

பேச்சு சிகிச்சை மட்டுமே போதும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. செஸ்ட்நட் லாட்ஜில் இருந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பார்த்த தாமஸ் மக்லாஷனின் ஆய்வு 1984இல் வந்தது. மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நல்ல நிலையில் இல்லை. மருந்து வேண்டும் என்பதில் இன்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரை குரல்களை அடக்கும். அடங்கிய பிறகு எஞ்சும் தனிமைக்கு மாத்திரை இல்லை. ஃப்ரீடா நமக்குத் தேவைப்படுவது அங்கேதான். தனிமை அவருக்கும் தெரிந்ததுதான். அவருடைய பெற்றோருக்குக் காது மந்தம். கடைசி ஆண்டுகளில் அவருக்கும் கேட்கும் திறன் குறைந்துவந்தது. தனிமையைப் பற்றி அவர் எழுதியது அந்தக் காலத்தில்தான்.

வீட்டில் இந்த நோயோடு ஒருவர் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். யார் வளர்ப்பு சரியில்லை என்ற விசாரணையை இன்றோடு விடுங்கள். குத்திப் பேசுவதும் ஓயாமல் குறை சொல்வதும் நோயைத் திரும்பக் கொண்டுவரக்கூடும் என்பதை ஆய்வுகள் மறுபடி மறுபடி காட்டியிருக்கின்றன. தினமும் கொஞ்ச நேரம், எதுவும் கேட்காமல், அவர் பக்கத்தில் உட்காருங்கள். மருந்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது அது. அதைக் கொடுக்கப் பட்டம் தேவையில்லை.