பர்சென்டைல் கணக்கும் மஞ்சள் ஏலமும்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

சோழிங்கநல்லூரில் ஒரு மகளிர் விடுதி. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் நான்காவது ஆண்டைத் தொட்டிருக்கும் ஈரோட்டுப் பெண் ஒருவர், கேட் தேர்வுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். இந்திய மேலாண்மைக் கழகங்களின் (ஐஐஎம்) எம்பிஏ படிப்புக்கான நுழைவுத் தேர்வு அது. கட்டணம் 2,500 ரூபாய். பெயர், மதிப்பெண், வேலை அனுபவம் எல்லாம் மளமளவென்று முடிந்தன. ‘பிரிவு’ என்ற கட்டத்தில் கை நின்றது.

தமிழ்நாட்டில் பி.சி. என்று வாங்கிய சாதிச் சான்றிதழ் மட்டும் இங்கே போதாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் சாதி இருக்க வேண்டும். வசதி படைத்தோர் அடுக்கான கிரீமி லேயரில் வராதவர் என்பதற்கும் சான்று வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. ஓ.பி.சி. பிரிவுக்கு 27 சதவீத இடங்கள் இருக்கின்றன. விவரம் தெரியாமல் பொதுப்பிரிவு என்று பதிந்துவிட்டால், பிறகு மாற்ற வழியில்லை. உரிமையாக வர வேண்டிய வாய்ப்பு முதல் நாளிலேயே கைவிட்டுப் போகும்.

மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டார். “அப்பா, நாளைக்கு இ-சேவை மையம் வரைக்கும் போயிட்டு வரோணுங்க.”

“சரி கண்ணு, கடையை அம்மா பாத்துக்குவா.”

நவம்பர் 24, ஞாயிறு

காலை 8.30 மணி ஷிப்ட். 120 நிமிடத்தில் 68 கேள்விகள். ஆங்கிலம், தரவு விளக்கம், கணக்கு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். நேரம் முடிந்தால் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விடும். சரியான விடைக்கு 3 மதிப்பெண்; கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும். கணக்கில் ஆறு கேள்விகளைத் தொடாமலேயே விட்டார். தெரியாததை விடுவதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

விடைக்குறிப்பு வந்தது. சரி 29, தவறு 11. 87-இல் 11 போக, 204-க்கு 76. மனம் சோர்ந்தது.

டிசம்பர் 19, வியாழன்

96.4 பர்சென்டைல்.

குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா எழுதினார்: “நூத்துக்குத் தொண்ணூத்தாறா! சீட்டு உறுதி!” பாராட்டு உண்மை, கணக்குதான் வேறு. அவர் வாங்கியது நூற்றுக்கு 37-தான். தேர்வு எழுதியவர்களில் 96.4 சதவீதம் பேர் அவருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதே பர்சென்டைலின் பொருள். இந்த முறை எழுதியவர்கள் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர். அப்படியானால் அவருக்கு முன்னால் நிற்பவர்கள் சுமார் 10,500 பேர். அகமதாபாத் ஐஐஎம்மின் முதன்மைப் படிப்பில் ஓராண்டு சேர்க்கையே ஏறக்குறைய 400 பேர்தான்.

டிசம்பர் 22, ஞாயிறு

நோட்டில் மூன்று பத்தி போட்டார்: முடிந்தது, எண்ணப்படுவது, இன்னும் கையில் இருப்பது.

முடிந்ததில் பத்தாம் வகுப்பு. 2014-இல் 500-க்கு 464. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதியதா என்று பலரும் தள்ளிவிடும் இந்த மதிப்பெண்ணை அகமதாபாத் இன்றும் எண்ணுகிறது. 80-க்கு மேல் 90 வரை 8 புள்ளி, 90-ஐத் தாண்டினால் 10. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,032. பதினைந்து வயதில் போட்ட உழைப்பு இருபத்தாறில் கூட வருகிறது. அந்த வயதில் வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு இதே கணக்கு பாரமாகவும் வரும். வேலை அனுபவத்துக்கும் அங்கே புள்ளி உண்டு, ஆனால் 36 மாதத்தோடு அதன் உச்சம் முடிகிறது.

இரண்டாவது பத்தியில் ஏமாற்றும் எண் ஒன்று இருக்கிறது. பொதுப்பிரிவுக்குக் குறைந்தபட்சம் 85, 90 பர்சென்டைல் என்று பல ஐஐஎம்கள் அறிவிக்கின்றன. அது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் எல்லை மட்டும்தான். முன்னணி இடங்களில் நேர்காணல் அழைப்பு அதற்கு வெகு மேலே நிற்கிறது. பிரிவுக்கேற்ப எல்லை மாறும். ஒவ்வொரு பகுதிக்கும் தனி எல்லை உண்டு.

அகமதாபாத்தை அடித்தார். பெங்களூரை, கொல்கத்தாவை அடித்தார். 2011-இல் என்ஐடி வளாகத்தில் தொடங்கி, இன்று புதுக்கோட்டை சாலையில் சூரியூர் பக்கம் இயங்கும் திருச்சி ஐஐஎம்மை வட்டமிட்டார். அதன் வயதொத்த இன்னும் சிலவற்றையும்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

இரண்டு இடங்களிலிருந்து நேர்காணல் அழைப்பு. மூன்றாவது பத்தியில் அதுவரை ஒன்றும் எழுதவில்லை. அகமதாபாத்தின் இறுதிக் கட்டத்தில் கேட் மதிப்பெண்ணுக்கு 25 சதவீதம், நேர்காணலுக்கு 50 என்று படித்தபோதுதான் அந்த வெற்றிடத்தின் அளவு புரிந்தது. மற்ற ஐஐஎம்களில் விகிதம் வேறாக இருக்கலாம். எங்கேயும் நேர்காணல் வெறும் சடங்கு இல்லை.

அலுவலகத்தில் முன்பு இதே வழியில் போய் வந்த அக்கா ஒருவர் ஒத்திகை வைத்தார். டெஸ்டிங் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்தது. “ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதே, அதனால விவசாயிக்கு என்ன மாறிச்சு?” என்று கேட்டார் அக்கா. 2019 என்ற ஆண்டைத் தவிர இவரிடம் சொல்ல எதுவும் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிற்கிறார். மஞ்சளில் விரலி தனி, கிழங்கு தனி. வியாபாரிகள் மாதிரியை உடைத்துப் பார்த்துக் குவிண்டாலுக்கு விலை குறிக்கிறார்கள். நோட்டும் பேனாவுமாக நிற்பவரை ஒரு பெரியவர் கவனித்தார்.

“எந்த ஆபீஸ்ல இருந்து வர்றே அம்மிணி?”

“ஆபீஸ் இல்லீங்க. ஒரு இன்டர்வியூவுக்குத் தெரிஞ்சுக்கோணும்.”

பெரியவர் சாக்கிலிருந்து ஒரு விரலியை எடுத்து, பட்டென்று ஒடித்து, இவர் உள்ளங்கையில் வைத்தார். “அப்ப முதல்ல உள்நிறத்தைப் பாரு. விலை அங்கதான் ஆரம்பிக்குது.”

இவர் எழுதிக்கொண்டார்.